கண்ணீருக்குப் பிறகு என்ன?

(நமது அறக்கட்டளைப் படிப்பகத்தில் அரையாண்டு விடுமுறையில் நடந்த குடும்பக் கூட்டத்தில், ‘நம்மை அழவைத்த புத்தகம்’ என்ற தலைப்பில் செயலாளர் ஆற்றிய உரை. கூட்டத்திற்கு வர இயலாத குடும்பத்தினருக்காக எழுத்தில் தரப்படுகிறது.)



கண்ணியத்திற்குரிய ஹஜ்ரத் அவர்களே, முத்தவல்லி அவர்களே, ஜமாஅத் பெரியோர்களே, திரைக்கு அந்தப் பக்கம் அமர்ந்திருக்கும் தாய்மார்களே, சகோதரிகளே, உள்ளே வரலாமா வேண்டாமா என்று வாசலிலேயே நிற்கும் பிள்ளைகளே! எல்லாரும் உள்ளே வாருங்கள். இடம் இருக்கிறது.

இந்தத் தலைப்பை நாமாகத் தேர்ந்தெடுக்கவில்லை. போன மாதம் ஒரு தாயார் நம் வீட்டுக்கு வந்தார். “படிப்பகத்திலிருந்து என் பொண்ணு ஒரு கதைப் புத்தகம் கொண்டு வந்தா. படிச்சுட்டு ராத்திரி அழறா. கேட்டா ஒண்ணும் இல்லேங்கறா. நடக்காத கதைக்கு இப்படி அழலாமா? மார்க்கத்துல இதுக்கு இடம் இருக்கா? நீங்க ஏன் இந்த மாதிரி புத்தகமெல்லாம் வைக்கறீங்க?” என்று நம் வீட்டாரிடம் கேட்டுவிட்டுப் போனார். நம்மிடம் நேராகக் கேட்கக் கூச்சம். ஆனால் கேள்வி நமக்குத்தான். அதனால் இன்று இங்கே நம்மால் முடிந்த பதிலைச் சொல்கிறோம்.

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்கிறோம். நமக்கு ஐம்பது வயது தாண்டிவிட்டது. மதரஸாவிலும் ஓதினோம், கல்லூரியிலும் படித்தோம். ஆனாலும் புத்தகம் படித்து அழுதோம் என்று சபையில் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆண்பிள்ளைகளுக்கு அப்படித்தான் சொல்லி வளர்க்கிறோம். இந்த வெட்கம் எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. நம் மார்க்கத்திலிருந்து நிச்சயமாக வரவில்லை.

ஹஜ்ரத் உமர் ரலியல்லாஹு அன்ஹு அவர்களை எண்ணிப் பாருங்கள். அவர்கள் வாளை எடுத்துக்கொண்டு கோபத்தோடு கிளம்பியதும், வழியில் ஒருவர், முதலில் உன் சொந்த வீட்டைப் பார் என்று சொன்னதும், தங்கை ஃபாத்திமாவின் வீட்டுக்குள் நுழைந்து அடித்ததும் நாம் சின்ன வயதிலிருந்து கேட்ட வரலாறு. தங்கையின் முகத்தில் இரத்தத்தைப் பார்த்ததும் கை தளர்ந்தது. அவர்கள் ஓதிக்கொண்டிருந்த ஏட்டைக் கேட்டார்கள். சுத்தம் செய்துகொண்டு வந்தால்தான் தருவேன் என்று அந்தப் பெண்மணி சொன்னார்கள். பிறகு தாஹா சூராவின் தொடக்கத்தைப் படித்தார்கள். படித்த மனிதர் பழைய மனிதராக எழுந்திருக்கவில்லை. நேராக நபி ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் இருந்த இடத்தைத் தேடிப் போனார்கள்.

இன்னொன்று. நாயகம் அவர்களே இப்னு மஸ்ஊத் ரலியல்லாஹு அன்ஹு அவர்களைத் தமக்கு ஓதிக்காட்டச் சொன்னார்கள். உங்களுக்கு அருளப்பட்டதை உங்களுக்கே நான் ஓதுவதா என்று அவர்கள் தயங்கினார்கள். பிறர் ஓதக் கேட்பதில் எனக்கு விருப்பம் என்று நாயகம் சொன்னார்கள். நிஸா சூராவில் ஒரு வசனம் வந்தபோது போதும் என்றார்கள். இப்னு மஸ்ஊத் நிமிர்ந்து பார்த்தபோது நாயகத்தின் கண்களில் நீர் வழிந்துகொண்டிருந்தது. புகாரியில் வரும் செய்தி இது.

இறைவேதமும் மனிதர் எழுதும் கதையும் ஒன்றல்ல. அப்படி யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். நாம் சொல்ல வந்தது, சொற்களைக் கேட்டு நெஞ்சு இளகுவது கேவலமல்ல என்பது மட்டுமே. நெஞ்சு அதற்காகத்தான் படைக்கப்பட்டிருக்கிறது. இளகிய பிறகு என்ன செய்கிறோம் என்பதுதான் கேள்வி. உமர் அவர்கள் எழுந்து நடந்தார்கள் என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் அதற்குத் திரும்ப வருவோம்.

நம் வீட்டில் முதல் புத்தகம் ‘சீறாப்புராணம்’. உமறுப் புலவர் பாடியது, 5,000 பாடல்களுக்கு மேல். நன்னிக்கு எழுத்துக் கூட்டத் தெரியாது. பக்கத்து வீட்டுப் பெரியவர் ஒருவர் ரபீஉல் அவ்வல் மாதத்தில் வந்து திண்ணையில் உட்கார்ந்து பாட்டைப் படித்துப் பொருள் சொல்வார். பெண்கள் கதவுக்குப் பின்னால் இருந்து கேட்பார்கள். ‘மானுக்குப் பிணை நின்ற படலம்’ வரும் நாளில் கூட்டம் அதிகமாக இருக்கும்.

கதை உங்களுக்குத் தெரியும். வேடனிடம் சிக்கிய பெண்மான், குட்டிக்குப் பால் கொடுத்துவிட்டுத் திரும்பி வருகிறேன் என்கிறது. நாயகம் அவர்கள் அதற்குப் பிணையாக நிற்கிறார்கள். வேடன் நம்பவில்லை. மான் சொன்னபடி குட்டியையும் அழைத்துக்கொண்டு திரும்பி வருகிறது. வேடன் மனம் மாறுகிறான். ஒவ்வொரு வருடமும் அதே கதைதான். மான் வந்துவிடும் என்று நன்னிக்குத் தெரியும். ஆனாலும் மான் காட்டுக்குள் போனதும் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே இருப்பார்கள்.

அப்போது நமக்கு எட்டு வயது. பெண்ணையாற்றங்கரையில் பிடித்த ஒரு மைனாக் குஞ்சைக் கூடைக்கு அடியில் மூடி வைத்திருந்தோம். அன்று இரவு தூக்கம் வரவில்லை. காலையில் பாங்கு சொன்னதும் குஞ்சை எடுத்துக்கொண்டு போய், பிடித்த மரத்தடியிலேயே விட்டோம். தாய்ப் பறவை வந்ததா என்று தெரியாது. பார்த்துக்கொண்டு நிற்க தைரியம் இல்லாமல் ஓடி வந்துவிட்டோம். யாரும் நமக்கு உபதேசம் செய்யவில்லை, கூடைக்கு அடியில் என்ன இருக்கிறது என்பதே வீட்டில் யாருக்கும் தெரியாது. அந்தப் பாட்டுக்கு மட்டும் தெரிந்திருந்தது போல இருந்தது.

இது நல்ல கதை. நம் பெருமைக்கு ஏற்ற கதை. அடுத்தது அப்படியல்ல.

திருவண்ணாமலையில் கல்லூரியில் படித்தபோது நண்பர் ஒருவர் தோப்பில் முஹம்மது மீரான் எழுதிய ‘ஒரு கடலோர கிராமத்தின் கதை’யைக் கொடுத்தார். தேங்காப்பட்டணத்தில் பிறந்தவர் அவர். ‘முஸ்லிம் முரசு’ இதழில் தொடராக வந்து, 1988இல் புத்தகமான நாவல். பிறகு ‘சாய்வு நாற்காலி’ என்ற நாவலுக்காக 1997இல் சாகித்திய அகாதெமி விருதும் பெற்றார். 2019இல் மறைந்தார். அல்லாஹ் அவர்களுக்கு மறுமையில் நல்லிடம் தருவானாக.

அந்த நாவலில் ஒரு முதலாளி வருகிறார். ஊர் அவர் சொல்லுக்கு அடங்கிக் கிடக்கிறது. பள்ளிவாசலில் அவருக்கு ஒரு இடம், ஏழைக்கு ஒரு இடம். ஊரில் ஆங்கிலப் பள்ளிக்கூடம் வருவது அவருக்குப் பிடிக்கவில்லை. பாதி படித்தபோதே நமக்குக் கோபம் வந்துவிட்டது. நம் சமுதாயத்தைப் பற்றி நாலு பேர் படிக்கும் இடத்தில் இப்படி எழுதலாமா, வெளியில் இருப்பவர்கள் சிரிக்க மாட்டார்களா என்று நண்பரிடம் சண்டை போட்டோம். புத்தகத்தைப் படித்து முடிக்காமலே திருப்பிக் கொடுத்தோம். சமுதாயத்தைக் காப்பாற்றிவிட்ட திருப்தி வேறு.

பத்துப் பன்னிரண்டு வருடம் கழித்து மறுபடி கையில் எடுத்து முழுதாகப் படித்தோம். அப்போதுதான் அந்தக் கோபம் எங்கிருந்து வந்தது என்று விளங்கியது. அந்த முதலாளி நம் பெரிய அத்தா மாதிரியே இருந்தார். அவர் வீட்டு வாசலில் கைகட்டி நின்ற மனிதர்களை நாம் பார்த்திருக்கிறோம். அவர்களில் ஒருவரை, நம்மைவிட நாற்பது வயது மூத்தவரை, நாமும் பேர் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறோம். புத்தகம் வேறு யாரையோ பற்றிப் பேசியிருந்தால் நமக்குக் கோபம் வந்திருக்காது. அந்தப் பெரியவர் அதற்குள் மவுத்தாகிவிட்டார். மன்னிப்புக் கேட்க வழியில்லை. இன்று அவர் பேரப்பிள்ளைகளைப் பார்த்தால் நாமே முதலில் ஸலாம் சொல்கிறோம். அவ்வளவுதான் முடிந்தது.

எனவே பிள்ளைகளே, ஒரு புத்தகம் உங்களுக்குக் கோபம் மூட்டினால் உடனே மூடி வைக்காதீர்கள். இந்தக் கோபம் பொய்யைக் கண்டு வந்ததா, உண்மையைக் கண்டு வந்ததா என்று ஒரு நாள் பொறுத்துப் பாருங்கள். பொய் என்றால் எது பொய் என்று சான்றோடு சொல்லுங்கள். உண்மை என்றால் சும்மா இருக்க முடியாது.

பெண்பிள்ளைகள் கதை படிப்பதையே தவறு என்று சொல்பவர்களுக்கு ஒரு செய்தி. நாகூர் சித்தி ஜுனைதா பேகம் அவர்கள் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்புவரைதான் படித்தவர்கள். சின்ன வயதிலேயே கணவரை இழந்தவர்கள். 1938இல் ‘காதலா கடமையா’ என்று நாவல் எழுதி வெளியிட்டார்கள். தமிழ்த் தாத்தா உ.வே.சாமிநாதையர் அந்த நூலைப் பாராட்டி எழுதிக் கொடுத்தார். நம் பெண்கள் கதை படிக்கலாமா என்று நாம் இன்று கேட்கிறோம். அவர்கள் அன்றே கதை எழுதியே காட்டிவிட்டார்கள்.

இனி, சொல்லக் கஷ்டமான விஷயத்துக்கு வருகிறோம்.

உங்களுக்குத் தெரியும், சில வருடங்களாக ரமளானில் நம் அறக்கட்டளை அரிசி, எண்ணெய், பருப்பு, சேமியா எல்லாம் சேர்த்துப் பை கொடுத்து வந்தது. மேடை போடுவோம். ஒலிபெருக்கியில் பெயர் வாசிப்போம். வருபவர் பையை வாங்கும்போது, கொடுப்பவர் இந்தப் பக்கம், வாங்குபவர் அந்தப் பக்கம், நடுவில் பை, நாம் ஓரத்தில். புகைப்படம் எடுத்து இதே இதழில் போடுவோம். முகம் தெரியவில்லை என்றால் “கொஞ்சம் நிமிர்ந்து பாருங்கம்மா” என்று சொன்னது வேறு யாருமில்லை, இந்தச் செயலாளர்தான்.

2024 ரமளானில் ஒரு விதவைத் தாயார் வாங்கினார். படம் இதழில் வந்தது. அந்த இதழ் யார் வீட்டிலிருந்தோ பள்ளிக்கூடத்துக்குப் போயிருக்கிறது. அவருடைய மகனோடு படிக்கும் பிள்ளைகள் படத்தைக் காட்டிக் கேலி செய்திருக்கிறார்கள். பையன் நம்மிடம் வந்து ஒன்றும் கேட்கவில்லை. அம்மாவிடம் மட்டும், “அடுத்த வருஷம் நீ போகாதே, நான் படிப்பை விட்டுட்டு வேலைக்குப் போறேன்” என்று சொன்னானாம். இது நம் காதுக்கு வந்தது. அன்று நாம் என்ன சொன்னோம் தெரியுமா? “கணக்கு காட்டணுமே, படம் போடாட்டி நன்கொடை கொடுக்கறவங்க நம்புவாங்களா?” என்றோம். அதோடு விட்டுவிட்டோம்.

பிறகு ஒருநாள் படிப்பகத்துக்கு வந்த புத்தகங்களைப் பதிவேட்டில் ஏற்றிக்கொண்டிருந்தோம். அதில் ஜெயமோகன் எழுதிய ‘அறம்’ இருந்தது. 2011இல் நம் பக்கத்து ஊர் திருவண்ணாமலை வம்சி வெளியிட்ட தொகுப்பு. உண்மை மனிதர்களை வைத்து எழுதிய கதைகள். ‘சோற்றுக் கணக்கு’ என்று ஒரு கதைத் தலைப்பு கண்ணில் பட்டது. நாம் கணக்கு எழுதும் ஆள் அல்லவா, என்ன கணக்கு என்று பார்க்க உட்கார்ந்தோம்.

திருவனந்தபுரம் சாலைப் பகுதியில் கெத்தேல் சாகிப் என்பவர் சோற்றுக்கடை வைத்திருக்கிறார். விலை சொல்வதில்லை. சாப்பிட்டுவிட்டுப் போகிறவர்கள் வாசலில் உள்ள பெட்டியில் தங்களால் முடிந்ததைப் போடலாம், போடாமலும் போகலாம். யார் என்ன போட்டார்கள் என்று அவர் பார்ப்பதே இல்லை. கன்னியாகுமரிப் பக்கத்திலிருந்து படிக்க வந்த ஏழை மாணவன் ஒருவன், உறவினர் வீட்டில் அளந்து போட்ட சோற்றில் அவமானப்பட்டவன், அங்கே வருகிறான். கையில் காசில்லை. சாகிப் மீனும் கறியுமாக அள்ளி அள்ளி வைக்கிறார். வருடக்கணக்கில் அப்படியே சாப்பிடுகிறான். வேலை கிடைத்த பிறகு பெரிய தொகையைக் கொண்டுவந்து பெட்டியில் போட்டுவிட்டு உட்காருகிறான். சாகிபின் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. அதே கை, அதே பரிமாறல். அவர் அவனைக் கடன்காரனாகவும் பார்த்ததில்லை, கொடையாளியாகவும் பார்க்கவில்லை. பசியோடு வந்த பிள்ளையாக மட்டும் பார்த்தார்.

மஃரிப் பாங்கு சொன்னபோதுதான் நிமிர்ந்தோம். ஒளூ செய்ய எழுந்தபோது மேசைமேல் அந்த ரமளான் இதழ் கிடந்தது. அந்தத் தாயாரின் படம். பையைப் பிடித்திருக்கிறார், கேமராவைப் பார்க்கிறார். நாம் சொன்னதால் பார்க்கிறார். அதற்குப் பக்கத்தில் நம் சிரித்த முகம். ஒளூவின் தண்ணீர் எது, கண்ணீர் எது என்று தெரியாமல் அன்று தொழுதோம். நமக்கு யாரும் புதிதாக எதையும் கற்றுக்கொடுக்கவில்லை. வலது கை கொடுப்பதை இடது கை அறியாதபடி கொடுப்பவருக்கு அர்ஷின் நிழல் உண்டு என்று நாமே எத்தனை மேடையில் பேசியிருக்கிறோம். சொல்லிக்காட்டியும் நோவினை செய்தும் தர்மத்தைப் பாழாக்கக் கூடாது என்று குர்ஆன் எச்சரிப்பதை மதரஸாவிலேயே மனப்பாடம் செய்தவர்கள் நாம். தெரிந்திருந்தது. ஆனால் உறைக்கவில்லை. தெரிந்ததை உறைக்க வைக்க ஒரு சோற்றுக்கடைக் கதை தேவைப்பட்டது.

மறுநாள் நிர்வாகக் கூட்டத்தைக் கூட்டிச் சொன்னோம். எல்லாரும் ஏற்றுக்கொள்ளவில்லை. எதிர்த்தவர்களும் கெட்ட எண்ணத்தில் எதிர்க்கவில்லை. வெளிநாட்டில் கஷ்டப்பட்டுச் சம்பாதித்து அனுப்புகிறவருக்குத் தன் பணம் எங்கே போனது என்று பார்க்க உரிமை இல்லையா என்றார்கள். நியாயமான கேள்வி. அதற்கு ஒரு வழி கண்டோம். எத்தனை குடும்பம், எவ்வளவு தொகை, என்ன பொருள் என்ற விவரம் மட்டும் இதழில் வரும். பெயர்ப் பதிவேடு பூட்டில் இருக்கும். நிர்வாகிகளும் தணிக்கையாளரும் பார்க்கலாம். படம் கிடையாது, மேடை கிடையாது. ஒருவர் மட்டும் அதிருப்தியில் நன்கொடையை நிறுத்திக்கொண்டார். அவரை நாம் குறை சொல்லவில்லை. அவர் வீட்டுக்குப் போய் இரண்டு முறை பேசினோம். இன்னும் போவோம்.

அந்த முடிவுக்கு முதல் சோதனை அந்த வருடமே வந்தது. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு ஒரு லட்சம் கன அடிக்கு மேல் தண்ணீர் திறந்துவிட்டார்கள். தென்பெண்ணை எப்படி வந்தது என்று நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். பாய், அரிசி, போர்வை எல்லாம் கொடுக்க வேண்டியிருந்தது. இஷாவுக்குப் பிறகு, இருட்டில், வீடு வீடாகக் கொண்டுபோய் வைத்தோம். எந்த மதம், எந்தத் தெரு என்று கேட்கவில்லை. அப்போது ஒன்றைக் கண்டோம். இத்தனை வருடம் நம் மேடைக்கு ஒருமுறைகூட வராத வீடுகளில் போர்வையை வாங்கிக்கொண்டார்கள். ஒரு பெரியவர் கதவைப் பாதி திறந்து வாங்கிக்கொண்டு, நம் கையை ஒரு நிமிடம் பிடித்திருந்தார். ஒன்றும் பேசவில்லை. இவருக்கு முன்னாலும் பசி இருந்திருக்கும். மேடைக்குப் பயந்து வராமல் இருந்திருக்கிறார். நாம்தான் தேவை இல்லாதவர் என்று எழுதி வைத்திருந்தோம்.

அந்தத் தாயாரிடமும் போனோம். நம் வீட்டாரையும் அழைத்துக்கொண்டுதான் போனோம். மன்னிப்புக் கேட்டோம். “பரவாயில்ல அண்ணே” என்றார். பையன் பள்ளிக்கூடம் போய்க்கொண்டுதான் இருக்கிறான், அல்ஹம்துலில்லாஹ். ஆனால் நம்மைக் கண்டால் இன்னும் தெரு மாறிப் போகிறான். அது அவன் உரிமை. ஒரு முடிவை மாற்றினால் பழைய காயம் உடனே ஆறிவிடும் என்று நினைக்கக் கூடாது.

இப்போது அந்த முதல் தாயாருக்குப் பதில் சொல்கிறோம். அம்மா, உங்கள் மகள் அழுவதைக் கண்டு பயப்படாதீர்கள். அடுத்தவர் துன்பத்துக்கு அழத் தெரிந்த பிள்ளை நாளைக்கு உங்களையும் பார்த்துக்கொள்ளும். புத்தகத்தைப் பிடுங்க வேண்டாம். பிடுங்கினால் அடுத்த புத்தகத்தை ஒளித்துப் படிப்பாள். பக்கத்தில் உட்கார்ந்து, “என்ன கதை, எனக்கும் சொல்லேன்” என்று கேளுங்கள். சொல்லும்போதே பாதிப் பாரம் இறங்கிவிடும். நீங்களும் அழுதால் இன்னும் நல்லது. அழுகை பல நாள் நீடித்தால், சாப்பாடும் தூக்கமும் கெட்டால், அது புத்தகத்தைப் பற்றிய அழுகையாக இல்லாமலும் இருக்கலாம். வேறு ஏதோ ஒன்று கதையைச் சாக்காக வைத்து வெளியே வருகிறது. அப்போது கோபப்படாமல் பேசுங்கள். தேவையானால் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். அதில் வெட்கம் இல்லை.

எல்லாப் புத்தகமும் எல்லா வயதுக்கும் அல்ல என்பதையும் ஏற்கிறோம். எந்த அலமாரி எந்த வயதுக்கு என்று படிப்பகத்தில் பிரித்து வைக்க இரண்டு ஆசிரியைகள் முன்வந்திருக்கிறார்கள். மார்க்கச் சட்டத்தைக் கதையிலிருந்து எடுக்க வேண்டாம், அதற்கு ஹஜ்ரத் இருக்கிறார்கள். கதை, சட்டம் தெரிந்த நம்மை நம் முகத்தையே பார்க்க வைக்கும். அதற்கு மட்டும் அதை வைத்துக்கொள்ளுவோம்.

பிள்ளைகளுக்கு ஒரு பழக்கம் சொல்கிறோம். நெஞ்சைத் தொட்ட புத்தகத்தைப் படித்து முடித்தால், மூன்று நாளுக்குள் ஒரு காரியம் செய்யுங்கள். சின்னக் காரியம் போதும். பேசாமல் இருந்த ஒருவரிடம் போய் ஸலாம் சொல்லுங்கள். நன்னாவுக்கு மருந்து எடுத்துக் கொடுங்கள். கேலி செய்த பிள்ளையிடம் மன்னிப்புக் கேளுங்கள். மூன்று நாள் போனால் ஈரம் காய்ந்துவிடும். பிறகு “நல்ல புத்தகம்” என்று சொல்வதோடு நின்றுவிடுவோம். உமர் அவர்கள் அன்றே எழுந்து போனார்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். படம் போடும் வழக்கத்தைத் திரும்பக் கொண்டுவர வேண்டும் என்று வரும் பொதுக்குழுவில் தீர்மானம் வரப்போகிறது. கொண்டுவருபவர் நம் நண்பர், நல்ல மனிதர். வாக்கு உங்கள் கையில். எப்படி வேண்டுமானாலும் போடுங்கள். ஆனால் போடுவதற்கு முன் அலமாரியில் ‘அறம்’ இருக்கிறது, அந்த ஒரு கதையை மட்டும் படித்துவிட்டு வாருங்கள். ஒரு மணி நேரம்கூட ஆகாது. கண் மங்கியவர்களுக்குப் பேரப்பிள்ளைகள் படித்துக் காட்டட்டும்.

யா அல்லாஹ்! எங்கள் நெஞ்சைக் கல்லாக்கிவிடாதே. கொடுக்கும் கையைப் பெருமையிலிருந்தும், வாங்கும் கையை அவமானத்திலிருந்தும் காப்பாயாக. எங்களால் நொந்தவர்கள் எங்களை மன்னிக்கும்படி அவர்கள் உள்ளத்தை இளகச் செய்வாயாக. எங்கள் பிள்ளைகளுக்குப் பயனுள்ள கல்வியைத் தருவாயாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.